கல்யாணம் ஆகிவிட்டதாக நான் சொன்ன கன்னியம்மாவுக்கு

என் பெஞ்சுக்காரி கன்னியம்மா,

நம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் பொன்விழா. சுவருக்கு வெள்ளையடித்து, கேட்டுக்குப் பச்சை பெயின்ட் பூசியாகிவிட்டது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேனர். படித்த இடத்திலேயே டீச்சராக இருக்கிறேன் என்பதால் விழா மலர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய மாணவிகள் பட்டியலில் உன் பேரைத் தேடினேன். எதற்குத் தேடினேனோ? இருக்காது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

பத்தாவதில் நீ இரண்டு வாரம் வராதபோது கிளாஸ் டீச்சர் என்னைத்தான் அனுப்பினார். "உங்க ஊருப் பொண்ணுதானேடி, இன்னா ஏதுன்னு வூட்டாண்ட போய்ப் பாத்துட்டு வா." நான் ஏரிக்கரை வரைதான் வந்தேன். கரைக்கு அந்தப் பக்கம் உங்கள் இருளர் குடியிருப்பு. அங்கே போய் வந்தால் தலைக்குக் குளிக்காமல் எங்கள் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அம்மாவின் திட்டுக்குப் பயந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். பயம் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அருவருப்பு இருந்தது.

மறுநாள், "அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம் டீச்சர்" என்றேன். ஜுரம் என்றால் எப்போது வருவாள் என்று கேட்பார்கள். நம் பள்ளியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. டீச்சரும் கேட்கவில்லை. சிவப்பு மையால் உன் பேரை அடித்தார்.

நீயோ தம்பியைப் பார்த்துக்கொள்ள, கூலி வேலைக்குப் போன அப்பா அம்மாவோடு வாலாஜாபாத் பக்கம் ரைஸ் மில்லுக்குப் போயிருந்தாய். அடுத்த மாதம் புத்தகப் பையோடு வந்து வகுப்பு வாசலில் நின்றாய்.

"கல்யாணம் ஆனவளுக்கு இங்க இன்னா வேலை?" என்றார் டீச்சர்.

"எனக்கா? இல்லியே டீச்சர்."

எல்லோரும் உன் கழுத்தைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து எதையோ தேடினேன். டீச்சர் நம்பவில்லை, அப்பாவை அழைத்து வரச் சொன்னார். அவர் இன்னும் மில்லில் இருந்தார். இரண்டு நாள் வாசலில் நின்று பார்த்தாய், மூன்றாம் நாள் வரவில்லை. கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் உன்னுடையது.

அப்புறம் எத்தனை வருஷம், சந்தையில் பார்க்கும்போதெல்லாம் "நல்லாக்கிறியா வசந்தி" என்று நீதான் முதலில் கேட்பாய். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடுவேன்.

போன ஆவணியில் காமாலையில் போய்விட்டாய். உன் சாவுக்கு வந்தபோதுதான் முதல்முறையாக அந்தக் கரையைத் தாண்டினேன். ஐந்து நிமிஷ நடைகூட இல்லை.

உன் மகள் தேவி இப்போது என் வகுப்பில். போன வாரம் கணக்கில் ஏன் இவ்வளவு குறைந்த மார்க் என்று கேட்டேன். "நானும் எங்கம்மா மாதிரிதான் டீச்சர். அதுக்குப் படிப்பே ஏறலியாம், அதான் நின்னுடுச்சாம். அதுவே சொல்லிக்கினு இருக்கும்" என்று சிரித்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றா அப்படிச் சொல்லி வைத்தாய்? இல்லை, பொய் சொன்னது யார் என்று உனக்குத் தெரியாமலே போய்விட்டதா?

மலருக்கு இனிய நினைவுகள் எழுதித் தரச் சொன்னார்கள். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப்போகிறேன், போடுவார்களோ என்னவோ. அச்சாகும்வரை நான் காத்திருக்கப்போவதில்லை. திங்கட்கிழமை தேவியை உட்காரவைத்து, உன் பேரை அடிக்கவைத்தவள் நான்தான் என்று சொல்வேன். அதற்கப்புறம் அவள் என் முகத்தில் விழிக்காமலே போனாலும் போகட்டும். அவள் அம்மா மக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் மகளுக்குப் பெரியம்மா என்று சொல்லிக்கொள்ள இன்னும் வாய் வராத
வசந்தி