பதினெட்டடி பத்தங்குலம்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் நல்ல பனி. ஸ்கூட்டர் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தேன். ஆபீஸில் வரைய வேண்டிய வீட்டு பிளான் மூன்று. பிரிண்டரில் மை இல்லை.

பதினொரு மணிக்கு நெடுங்காட்டிலிருந்து செல்வி அக்கா. நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர். நாற்காலி நான்கு காலி. சார் உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். காம்பவுண்டு கட்டப் போகிறார். அதற்குப் போன மாதம் நாங்கள் வரைந்த பிளானில் அக்காவின் மனை அகலம் 5.52 மீட்டர். அதன்படி அக்காவின் சமையல்கட்டுச் சுவர் அவர் இடத்தில். ஞாயிற்றுக்கிழமைக்குள் இடிக்க வேண்டுமாம்.

"பதினஞ்சு வருஷமா நிக்கிற செவுரு பாப்பா. அது எப்ப நடந்து அவரு பக்கம் போச்சு?"

சார்: "பிளான்ல உள்ளதுதாம்மா." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கூலிக்காரி வீடு என்றால் இடிக்கச் சொல்ல ஒரு காகிதம் போதும். நாள் முழுக்க எரிச்சல்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மதியம் டேப்புடன் நெடுங்காடு. வழியெல்லாம் அறுப்பு மெஷின், தூசி. மாம்பழத் தோல் நிறத்தில் வைக்கோல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அக்கா மனையில் எல்லைக்கல் இரண்டும் அப்படியே. கல்லிலிருந்து கல் 5.74 மீட்டர். சொல்தாவும் குனிந்து பார்த்தார்.

"அப்ப கல்லு நகர்ந்திருக்கு."

"வாசல்ல நிக்கிற உங்க காரே நாலு வருஷமா நகரல. கல்லு எங்கேருந்து நகரும்?" செல்வி அக்கா.

அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் பிளானை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். டேப்பின் மறு விளிம்பைக் காட்டினேன், அடிக் கணக்கு. "அடி, அங்குலமெல்லாம் எனக்கு வேணாம்மா. பிரான்ஸ்ல நாப்பது வருஷம் மீட்டர்தான்."

பிப்ரவரி 4, புதன்

ஃபைலில் சொல்தாவின் மேஸ்திரி அக்கா மனையை அளந்து கொடுத்த சீட்டு. 18.10.

இங்கே எல்லா மேஸ்திரியும் அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவில் புள்ளிதான் வைப்பார்கள். பதினெட்டு அடி, பத்து அங்குலம். எனக்கும் தெரியும். தெரிந்தும் 18.10ஐ மீட்டராக்க அப்படியே 0.3048ஆல் பெருக்கியிருக்கிறேன். பத்து அங்குலம், அடியில் பத்தில் ஒரு பங்காகி, ஒன்றேகால் அங்குலம்கூட இல்லாமல் சுருங்கிப் போனது. ஏறக்குறைய ஒன்பது அங்குலம் காலி. ஒரு செங்கல் நீளம். அக்கா சுவரின் கனமும் அதுதான்.

இரண்டு நாளாக சாரையும் சொல்தாவையும் திட்டியது நான். தப்பு என்னுடையது.

சாரிடம் சொன்னேன்.

"திருத்தி அனுப்பு. தப்புன்னு சொல்லாத, பேரு கெட்டுடும்."

"சொல்லாம எப்படி சார்? அவங்க வீட்டை இடிக்கச் சொல்லியிருக்கு."

"அப்ப நீயே போய்ச் சொல்லிக்க."

சரி.

பிப்ரவரி 6, வெள்ளி

திருத்திய பிளானுடன் போனேன். இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். என் கணக்கு, என் தப்பு.

சொல்தா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். பழைய பிளானைக் கிழித்தார். "தப்புன்னா தப்பு. செவுரு நிக்கட்டும்."

செல்வி அக்கா அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"இடிச்சிருந்தா ஒன் கம்ப்யூட்டரா வந்து கட்டிக் குடுக்கும்?"



உள்ளே போய் ஒரு கரித்துண்டு எடுத்து வந்தார்.

"செவுத்துலயே எழுதிட்டுப் போ. புள்ளி வைக்காத."

பதினெட்டு அடி பத்து அங்குலம். எழுத்திலேயே எழுதினேன், பெரிதாக. கையெல்லாம் கரி. மனசு லேசு.

சொல்தா எட்டிப் பார்த்தார்.

"கீழ மீட்டர்லயும் போடும்மா."