ஆறு மணிக் காந்தம்

பீரோ சாவியைக் காலையிலிருந்து வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் அது பீரோவின் பக்கவாட்டிலேயே, உன் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஏதோ நினைப்பில் நான்தான் மாட்டியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் இது ஒன்று போதும் உனக்கு. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதையில் ஆரம்பித்து, எங்கள் அப்பாவின் ஞாபக மறதியில் கொண்டுபோய் முடித்திருப்பாய். சாவியை விட்டுவிட்டுக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மர்பி டவுனில் நம் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தது நீதான். ஊசியில் நூல் கோக்கும்போது உன் கை ஆட ஆரம்பித்தது. முதலில் கண்தான் காரணம் என்று கண்ணாடியை மாற்றினோம். எவ்வளவு கெட்டிக்காரர்கள் நாம்! டீ கிளாஸைத் தூக்கினால் பாதி புடவையில் கொட்டும் நிலை வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கை நடுக்கத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் உன் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார். நீ கோணல்மாணலாக இழுத்துவிட்டு, "ஜாங்கிரி புழிஞ்சிருக்கேன் டாக்டர், சாப்புடுறீங்களா?" என்றாய்.

மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் பேட்டரிப் பெட்டி பதித்து, மின்சாரத்தால் நடுக்கத்தை அடக்கலாம் என்றார் அவர். இங்கே அது புதுசு, எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றேன் நான். நீயோ, "கை இல்லாம நான் இன்னா பண்ணப்போறேன்?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்து வராததால் கைநாட்டு வைத்தாய்.

அந்த ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க மாட்டார்கள். நீ பேசிக்கொண்டே இருந்தால்தான் கம்பி சரியான இடத்துக்குப் போகிறதா என்று தெரியும். பேசச் சொன்னால் உனக்கென்ன கஷ்டம் என்று நான் வெளியே தைரியமாகத்தான் இருந்தேன். நர்ஸ் ஓடிவந்து, "உங்க மிசஸ் திடீர்னு பேச்சை நிறுத்திட்டாங்க" என்றபோது என் உயிர் பாதி போய்விட்டது. பச்சை அங்கியை மாட்டி உள்ளே அழைத்துப் போனார்கள். இரும்புச் சட்டத்தில் உன் தலை. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. நான், "ஏய், இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"அவருதானேய்யா சும்னே இரின்னாரு!"

கையை ஆட்டாமல் வை என்று அவர் இந்த ஊர்க் கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். நம் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வாயை மூடு. நாளெல்லாம் பட்டறையில் லேத் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து நான் உன்னிடம் சொன்னதும் அதைத்தான். என் "சும்மா இரு"வை ஒருநாளும் மதிக்காதவள் டாக்டரின் "சும்னே இரி"க்குக் கட்டுப்பட்டாய். அந்த அறையே சிரித்தது. நான் வெளியே வந்து அழுதேன். அது உனக்குக் கடைசி வரை தெரியாது.

கை அடங்கியது. நீ மறுபடியும் தையல் மெஷினில் உட்கார்ந்தாய். ஆனால் கை நிற்கிற அளவுக்கு மின்சாரத்தைக் கூட்டினால் நாக்கும் தடித்தது. வாய் நிறைய வெற்றிலையை அதக்கியவள் மாதிரி பேசினாய். ஒரு வாக்கியத்தை மூன்று தரம் சொல்லவேண்டி வந்தது. பிறகு சொல்வதையே விட்டுவிட்டாய். டாக்டர் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கையா, பேச்சா, இரண்டில் ஒன்றுதான் என்றார் வருத்தத்தோடு. அப்போது அவர் கொடுத்ததுதான் இந்தக் காந்தம். பெட்டியின் மேல் கொஞ்ச நேரம் பிடித்தால் மின்சாரம் நிற்கும், இன்னொரு தரம் பிடித்தால் திரும்ப வரும்.

அதற்கப்புறம் நீ நேரத்தைப் பங்கு போட்டாய். பகலில் கை. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வேலை முடிந்து வந்ததும் காந்தத்தை நீட்டுவாய். நான் உன் தோளருகில் பிடிப்பேன். கை ஆட ஆரம்பிக்கும், நாக்கு கட்டவிழும். டீயை நான்தான் உனக்குப் புகட்ட வேண்டும். ஒரு வாய் டீ, ஒரு தெருக்கதை. "கை நல்லாத்தானே இருக்கு, அப்படியே விடேன்" என்று ஒருநாள் சொன்னேன். "கை ஆடட்டும்யா. நானும் சும்மா இருந்துட்டா நீ யார்கிட்ட சண்டை போடுவே?" என்றாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் நீ போய்விட்டாய். தீயில் வெடிக்கும் என்று பேட்டரிப் பெட்டியை எடுத்துவிட்டுத்தான் உன்னைக் கொடுத்தார்கள். காந்தத்தை யாரும் கேட்கவில்லை. இப்போது எனக்கு லேத்தும் இல்லை, நீயும் இல்லை. இவ்வளவு அமைதி வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை. தனியாக இருப்பது பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

இன்று ஆறு மணிக்கு டீ போட்டேன். காந்தம் கையில்தான் இருந்தது. சாவி தொலைந்த கதையை உனக்குச் சொல்ல ஆரம்பித்து, நீ எங்கள் அப்பாவை இழுக்கும் இடம் வந்ததும் குரலை உயர்த்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"யாருண்ணா வந்திருக்காங்க? பேச்சுச் சத்தம் கேட்டுச்சே."

"யாரும் இல்லம்மா," என்றேன். "சும்மாதான்."