மதுரையில் மூன்று வேளை

என் மகளின் அப்பாவுக்கு,

போன வாரம் பெருமாநல்லூரில் கார் ஏறியதிலிருந்தே, மதுரையில் எங்கே சாப்பிடலாம் என்று போனைத் தடவிக்கொண்டே வந்தீர்கள். பெரிய ரசனைக்காரர்! மூன்று வேளைக்கு மூன்று கடை. வெயிலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, "கறிதோசைன்னா இதுதானுங்க" என்று பரிமாறியவரிடம் பல்லிளித்தீர்கள்.

அடுப்படியில் நின்றவர் என்ன சாதி என்று கேட்டீர்களா?

நம் கம்பெனி டெய்லரைக் கட்டிக்கொண்டு போனவளின் வீடு அந்தக் கடைக்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. நாம் வருகிறோம் என்று காலையிலேயே கோழிக் குழம்பு வைத்திருந்தாள். "அவனூட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றீர்கள். வாசலில் காரை நிறுத்தக்கூட இல்லை.

இன்று அங்கே கை நனைக்கத்தான் பஸ் ஏறுகிறேன். பசித்தால் போனைத் தடவுங்கள். பெருமாநல்லூரிலும் ஏதாவது நல்ல கடையாகக் காட்டும்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்