கெட்டி எண்ணெய் விஷயமாக அத்தானுக்கு

என் அன்பான அத்தானுக்கு, போன இடத்திலாவது யாராவது சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கிறீர்களா?

நீங்கள் இருந்தவரை உங்களைத் திட்ட எனக்கு அடுப்படி மட்டும்தான் இருந்தது. இப்போது பத்திரிகையில் இடம் தருகிறோம் என்கிறார்கள். நம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் படிக்கும். கிள்ளானில் உங்கள் அண்ணனும் படிப்பார், இல்லையென்றால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார். கேட்கட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

விஷயம் நம் காருக்கு ஊற்றுகிற எண்ணெய். சிரிக்காதீர்கள். செத்த புருஷனுக்கு எழுதுகிறவள் வேறு எதையாவது எழுதக்கூடாதா என்று பத்திரிகைக்காரரும் கேட்டார். எனக்கு எழுத இருப்பது இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அதனால் சொல்கிறேன். நான் பிரசவம் பார்க்கிறவள். ஆஸ்பத்திரியில் முறையாகக் கற்று, சான்றிதழ் வாங்கியவள். ரயில்வே குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் துணிக்கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து என்னைக் காரில் கொண்டுபோய் விடுவீர்கள். நம் வாசலிலிருந்து அந்தக் குடியிருப்புக்கு, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கார் அதற்கு மேல் போனதே இல்லை. கடை, கோவில், பிரசவ வீடு. மூன்றும் கூப்பிடு தூரம்.

தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்த காரை நீங்கள் வாங்கி வந்தபோதே அதன் செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்திருந்தது. முன்னால் ஹேண்டிலைச் செருகி ஓங்கிச் சுற்றினால்தான் இன்ஜினுக்கு உயிர் வரும். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள், லைசென்ஸ் வாங்கித் தந்தீர்கள். சேலை கட்டிய ஒருத்தி ஸ்டீயரிங்கைப் பிடிப்பதைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. அந்தப் பெருமை உங்களுக்கு உண்டு, அதை நான் பிடுங்கிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஹேண்டிலைச் சுற்ற மட்டும் என்னால் முடியவில்லை. தொங்கிப் பார்த்தேன். காலை ஊன்றிப் பார்த்தேன். கல்லில் கட்டிய கயிறாக அது அப்படியே நின்றது. நீங்கள் என் கையைப் பிடித்துத் தடவிவிட்டு, "இது புள்ள புடிக்கிற கை, பாக்கியம். ஹேண்டில் புடிக்கிற கை இல்ல, விடு," என்றீர்கள். அன்று எனக்கு அது இனித்தது.

ஆகவே ஓட்டத் தெரிந்த நான், கிளப்பத் தெரியாதவளாகவே இருந்தேன். உள்ளே நான் பிள்ளையை எடுத்துக்கொண்டிருப்பேன், வெளியே நீங்கள் காரில் காத்திருப்பீர்கள். திரும்பிப் போக யாராவது அதைக் கிளப்ப வேண்டுமே. கொடுத்துவைத்தவள் என்று குடியிருப்பில் பெண்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்தக் காருக்கு எண்ணெய் தேர்ந்தெடுத்தவர் யார்? உங்கள் அண்ணன். கிள்ளானில் அவருக்கு லோரிகள் ஓடுகின்றன. தோட்டத்து ரப்பரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், திரும்பி, மறுபடி போய், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓடுகிற லோரிகள். லோரி வைத்திருக்கிறவருக்கு உலகத்தில் தெரியாதது ஒன்றும் கிடையாது என்பது அவர் எண்ணம். உங்கள் எண்ணமும் அதுவாக இருந்ததுதான் கொடுமை.

நம் குடும்பத்தில் எதுவும் கெட்டியாக இருந்துவிட்டால் போதும், அது உயர்ந்தது. தயிர் கெட்டி, காபி கெட்டி, சாம்பாரில் கரண்டி நிற்க வேண்டும். சம்பந்தி வீட்டு விருந்தில் ரசம் தெளிவாக இருந்தது என்பதற்காக உங்கள் அண்ணன் எத்தனை நாள் அந்த வாசலை மிதிக்காமல் இருந்தார்! அதே நாக்குதான் எண்ணெய்க்கும் தீர்ப்புச் சொன்னது. கடையில் டின்னைத் திறக்கச் சொல்லி, இரண்டு விரலால் தொட்டு, இழுத்துப் பார்த்தாராம். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கிறது போல. கம்பி இழுபட்டதும், "இதான் எண்ணெய். சூட்டு ஊருக்குக் கெட்டியாத்தான் ஊத்தணும். மெல்லிசெல்லாம் வெள்ளக்காரன் குளிர் தேசத்துக்கு," என்றாராம். நீங்கள் வீட்டுக்கு வந்து இதை வேதவாக்குப் போல எனக்கு ஒப்பித்தீர்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை, எழுதினால் திட்ட முடியாது.

நீங்கள் போன பிறகு உங்கள் அண்ணன் வீட்டுக்கு ஆண் துணையாக வந்தார். துணை என்றால் என்ன? வருவார், நாற்காலியில் சாய்வார், காபி குடிப்பார், கார் பானட்டைத் திறந்து அதே எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றுவார், போய்விடுவார். வலி கண்ட வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட ஆள் வந்தால், பக்கத்து வீட்டு அஞ்சலையின் புருஷன் வந்து ஹேண்டிலைச் சுற்றித் தர வேண்டும். அவர் ரயிலில் ஃபயர்மேன். அவர் டியூட்டி பார்த்தா ஊரில் பெண்களுக்கு வலி எடுக்கும்?

ஒரு நாள் விடிகாலையில் நல்ல மழை. குடியிருப்பிலிருந்து ஆள் ஓடி வந்தான், தலைச்சன் பிரசவம். ஃபயர்மேன் ஊரில் இல்லை. நான் ஹேண்டிலோடு மல்லுக்கட்டினேன். உள்ளங்கை தோல் உரிந்ததே தவிர அது அரை வட்டம்கூடச் சுற்றவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, கொடி கழுத்தில் சுற்றி நீலம் பாய்ந்து கிடந்தது. பிழைத்தது. எப்படிப் பிழைத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தாய்க்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாம் என்று பாட்டிலைச் சாய்த்தேன். மழைக் குளிரில் அது இறங்கவே இல்லை. வழக்கம்போல வெந்நீர் கேட்டு வாங்கி, பாட்டிலை அதில் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் தடையில்லாமல் ஓடி வந்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் அண்ணனுடைய லோரி நாள் முழுக்க ஓடிக் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் எப்பேர்ப்பட்ட கெட்டி எண்ணெயும் இளகிவிடும், மெல்லிசு என்றால் தண்ணீராகிவிடும். அதற்குக் கெட்டி சரி. நம் கார் எப்போது கொதித்தது? பால் பொங்குவதற்குள் போய் நிற்கிறது, பிறகு மணிக்கணக்காக ஆறிக் கிடக்கிறது. ஊர் சூடாக இருந்தால் இன்ஜின் சூடாகிவிடுமா? எண்ணெய் இளகுவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் நாம் பாகுக்குள் ஹேண்டிலைச் சுற்றியிருக்கிறோம். லோரிக்காரர் சொல்லைக் கேட்டுக் கூப்பிடு தூரக் காருக்கு எண்ணெய் ஊற்றுவது, யானைக்குச் செய்த சங்கிலியை ஆட்டுக்குட்டிக்கு மாட்டுவதுதான்.

பத்து ரோடு என்கிற கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போய் லேசான எண்ணெய் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, வீட்ல ஆம்பளங்க யாரும் இல்லையா? இது ரொம்ப மெல்லிசுலா."

"ஆம்பளங்க வாங்கினதைத்தான் இறக்கி ஊத்தப்போறேன். குடுங்க," என்றேன்.

கோணியை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, நீங்கள் செய்து நான் பார்த்திருந்தபடி அடியில் உள்ள திருகைக் கழற்றினேன். என்ன வந்தது தெரியுமா? முதலில் தண்ணீர். பிறகு சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ. சூடேறாத இன்ஜினுக்குள் ஈரம் தங்கித் தங்கி, எண்ணெயோடு புளித்துப் போயிருந்தது. மேலே மூடியைத் திறந்தால் பழைய கஞ்சியில் படிந்தது போல வெள்ளை ஆடை. இதைத்தான் நீங்கள் வாரந்தோறும் துடைத்து, பூ வைத்து, பெருமையாக ஓட்டினீர்கள். அஞ்சலை மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, வண்டிக்கும் பேதிக்குக் குடுத்துட்டியா?"

"ஆமாண்டி. ரொம்ப நாள் அடைப்பு."

மெல்லிய எண்ணெயை ஊற்றி, மறுநாள் காலை, வண்டி நன்றாகக் குளிர்ந்து கிடக்கும்போது ஹேண்டிலைச் செருகினேன். இன்ஜின் திருப்பி அடித்தால் முறியாதபடி பெருவிரலை மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து மேலே இழுத்தேன். சுற்றியது. மறுபடி இழுத்தேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? வாசலில் நின்று உங்களைத் திட்டினேன், அத்தான். சத்தமாக. அஞ்சலை ஓடி வந்துவிட்டாள்.

உங்கள் தலைத்திதி முடிந்து, வீட்டில் பண்டிகை கொண்டாடலாம் என்றான முதல் ஆயுத பூஜைக்கு உங்கள் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். காருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சூடம் காட்டி முடித்ததும் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"பூஜை முடிஞ்ச கையோட காரை நான் கிள்ளானுக்குக் கொண்டு போயிடறேன். பொம்பளை தனியா இருக்கிற வீட்ல இது எதுக்கு? ஸ்டார்ட் பண்ணக்கூட உன்னால ஆகாது."

"என்னால ஆனா?" என்றேன்.

அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "உன்னால ஆனா நீயே வச்சுக்க. யாரு வேணாம்னா?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். ஒரே இழுப்பு. கார் உறுமிக்கொண்டு நின்றது, மாலைகூட ஆடியது. உங்கள் அண்ணன் முகத்தைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போனீர்களே. பிறகு அவர் பானட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி, விரலில் தொட்டு, இழுத்துப் பார்த்தார். கம்பிப் பதம் வரவில்லை.

"தண்ணியை ஊத்தி வச்சிருக்கே. கெட்டுப் போயிடும்," என்றார்.

"கெட்டுப் போறப்ப பார்த்துக்கலாம், பெரியத்தான். இந்த வண்டி துறைமுகத்துக்குப் போகல. போற தூரத்துக்கு இது போதும்."

நான் ஏறி உட்கார்ந்ததும் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எலுமிச்சம்பழத்து மேல நீ ஏத்தக்கூடாது பாக்கியம். தாலி இல்லாத கை. இறங்கு, நான் ஏத்தறேன்."

அவருக்குப் பக்கத்தில் அவருடைய மருமகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். மாதம் நெருங்கிவிட்டது. என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க மருமகளுக்கு வலி எடுத்தா எந்தக் கை வேணும் பெரியத்தான்?"

அவர் காரை விட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் அவள் சிரிப்பதை நான் பார்த்தேன். கிளட்ச்சை விட்டேன். பழங்கள் நசுங்கின. குடியிருப்புவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். என் வண்டி போகிற தூரம் அவ்வளவுதான்.

உங்கள் அண்ணனை நான் பெரிதாக நினைக்கவில்லை. அவர் தன் லோரியையே உலகமென்று எண்ணிக்கொண்டிருப்பவர், அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். உங்களை அப்படி விட முடியவில்லையே. இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் நீங்கள். வெயிலில் நின்ற வண்டி லேசாகக் கிளம்புவதையும், காலையில் முரண்டு பிடிப்பதையும் தினமும் பார்த்தவர் நீங்கள். உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா? அல்லது தோன்றித்தான் பேசாமல் இருந்தீர்களா?

தோன்றவில்லை என்றால் நீங்கள் சுத்த முட்டாள். முட்டாள் புருஷனோடு நான் வாழ்ந்து பழகியவள், பாதகமில்லை. தோன்றியும் அதே எண்ணெயை ஊற்றினீர்கள் என்றால், எதற்காக? நான் உங்களை விட்டுத் தனியே போய்விடக்கூடாது என்பதற்கா? இல்லை, பிரசவ வீட்டு வாசலில் எனக்காகக் காத்திருப்பது உங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்ததா? இதில் எது என்று தெரியாமல் நான் எப்படி உங்களை நினைத்து அழுவது?

இப்போது யார் துணையும் இல்லாமல் போய் வருகிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டித் தாயிடம் கொடுத்துவிட்டு வெளியே வருகிறேன். கார் காலியாக நிற்கிறது. ஒரே இழுப்பில் கிளம்புகிறது. ஒவ்வொரு தடவையும் அது கிளம்பும்போது உங்கள் மேல் கோபம் வருகிறது, அத்தான். கோபம் ஓய்ந்த பிறகு, கிளம்பாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. இதற்காகத்தான் உங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாக்குக் கொடுக்கிறேன்: என் வண்டியில் இனி கெட்டி எண்ணெய் ஏறாது, என் கை உழைக்கிறவரை வேறு யாரும் அதைக் கிளப்பித் தர வேண்டியதில்லை. நான் அங்கே வந்து சேரும் நாளில் முதலில் கேட்கப்போவது இந்தக் கேள்வியைத்தான். பொய் சொல்ல வேண்டாம், யோசித்து வையுங்கள். வாசலில் காத்திருக்க உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகளும் மனைவியுமான
பாக்கியம்