உன் முகத்தை வெளுத்தவள்

என் செல்விக்கு,

அம்மா இருந்திருந்தால், மதினி என்று எழுதாமல் இதென்ன பேர் சொல்லி எழுதுவது என்று தலையில் குட்டியிருப்பாள். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் புளியோதரையைத் தின்றவளை, அண்ணனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக மதினி என்று கூப்பிட எனக்கு வாய் வந்ததே இல்லை. ஊர் முன்னால் மட்டும் கூப்பிட்டேன். நீயும் ஊர் முன்னால் மட்டும்தான் அதற்குத் திரும்பிப் பார்த்தாய்.

நீ போய் இன்றோடு ஒரு வருஷம். காலையில் தெரு முக்கில் உன் நினைவுப் போர்டைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் கொஞ்சம் பழசைப் பேசிக்கொள்வோமா?

பாளையங்கோட்டைக்குப் பள்ளிக்கூடம் போன அந்த டவுண் பஸ் ஞாபகம் இருக்கிறதா? பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த பயல்கள் நீ ஏறினதும் ‘வெஸ்ட் இண்டீஸ் வந்தாச்சு’ என்று கத்துவார்கள். என்னை அவர்கள் பார்த்த பார்வை ஒரு தினுசு, உன்னைப் பார்த்தது வேறு தினுசு. நான் மாநிறம், அதனால் எனக்குப் பாட்டு, உனக்குக் கிண்டல். இரண்டுமே பிடிக்காமல் நான் சன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ ஒருநாள் திரும்பி நின்று, சண்டைக்குப் போகிற குரலில்கூட இல்லாமல் கேட்டாய்.

“வெஸ்ட் இண்டீஸ்தாம்லே இப்பம் எல்லாத்தையும் ஜெயிக்குது. உங்களுக்கு என்ன வருத்தம்?”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் அண்ணாச்சி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்துபோனார். அன்றைக்குப் பாலம் தாண்டும்வரை நீ என் கையை விடவில்லை, நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாய். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பயத்தை நீ வேறு யாருக்கும் காட்டினதே இல்லை.

நான் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போட உட்கார்ந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஆம்பிளைக்கு மீசையைக் கறுப்பாக்கு, பொம்பளைக்கு முகத்தை வெளுப்பாக்கு. சடங்கு வீட்டுப் பிள்ளை, கல்யாணப் பெண், செத்துப்போன பாட்டி, எல்லாருக்கும் ஒரே வெளுப்பு. யாரும் கேட்க வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும். செய்யாமல் விட்டால்தான் ஆள் திரும்பி வந்து சண்டை பிடிப்பார்கள்.

நம் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது அண்ணன் முகம் விழுந்துபோனது. பல வருஷமாக அந்தக் கவுன்சிலர் இடத்துக்கு அலைந்தவன். வேறு வழியில்லாமல் உன்னை நிறுத்தினான். முதல் போர்டில் அவன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான், நீ மூலையில் தபால்தலை அளவில். அதுவும் நான் வெளுத்துவிட்ட முகம். நீ கடைக்கே வந்து திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “இது யாருட்டி?” என்று கேட்டாய்.

நான் மழுப்பினேன். நீ பையச் சொன்னாய்: “நாளைக்கு நான் வீடு வீடாப் போயி நிப்பேன். அந்தப் படத்துல உள்ளவ வரலையான்னு கேட்டா என்ன சொல்லட்டும்?”

அண்ணனுக்கும் முதலாளிக்கும் பயந்து அன்றைக்கு நான் அந்தப் படத்தை மாற்றவில்லை. நீயும் வற்புறுத்தவில்லை. நடந்தே போய் எல்லா வீட்டுப் படியும் ஏறி, சொந்த முகத்தைக் காட்டி ஜெயித்தாய்.

பேரூராட்சிக் கூட்டத்தில் நடந்ததை நீ வந்து சொன்ன நாள் நினைவிருக்கிறதா? படித்துறையில் நம் பெண்கள் ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு மாற்றுத்துணி உடுத்த, மேல்படியில் போனை நீட்டிக்கொண்டு சில பேர் நிற்பார்களே, அதற்காக ஒரு அறை வேண்டும் என்று மனு கொண்டுபோனாய். இட்லிக்கடைப் பேச்சியக்காவின் பெருவிரல் ரேகைதான் அதில் முதல் கையெழுத்து. நீ எழுந்து பேச ஆரம்பித்ததும் எதிரே இருந்த உறுப்பினர் ஒருவர் பேச்சைக் கேட்காமல் உன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சை நிறுத்திவிட்டுச் சொன்னாயாம்.

“அண்ணாச்சி, என்னயப் பாத்து முடிச்சாச்சுன்னா இந்த மனுவையும் ஒருதரம் பாத்துருங்க.”

அந்த மனு அன்றைக்கே நிறைவேறியது. நீ வீட்டுக்கு வந்து என் மடியில் தலையை வைத்து அழுதாய். சில மாசத்தில் அறைக்குச் சுவர் எழும்பிவிட்டது, கதவு மட்டும் போடவில்லை. அந்தக் கதவுக்காக அலைந்துகொண்டிருந்தபோதுதான் உனக்கு நெஞ்சு வலி வந்தது. பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

இனி என் தப்பு. நீ கூடத்தில் கிடக்கிறாய், போர்டு வேண்டும் என்று கட்சிக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். வேறு யாரும் தொடக்கூடாது என்று நானே கடைக்குப் போனேன். அழுதுகொண்டேதான் செய்தேன். படத்தை வெட்டினேன், பூவை வைத்தேன், கை தானாகப் போனது. உன்னை வெளுத்துவிட்டேன், செல்வி. போர்டைக் கட்டின பிறகும் எனக்கு அது உறைக்கவில்லை.

பேச்சியக்கா திருச்செந்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நாலாம் நாள் முதல் பஸ்ஸில் வந்திறங்கி, வழக்கம்போல முக்கில் அடுப்பை மூட்டி, உன் போர்டுக்கு அடியிலேயே உட்கார்ந்து வியாபாரம் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சாப்பிட வந்தவர்களும் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வியாபாரம் முடிந்ததும் வழக்கம்போல உனக்கு நாலு இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள்.

“கவுன்சிலர் இருக்காவளா? அந்தக் கதவு என்னாச்சுன்னு கேக்கணும்.”

நான்தான் சொன்னேன். போர்டைப் பார்க்கவில்லையா அக்கா என்றும் கேட்டேன். அவள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பெரிய வீட்டுப் பிள்ளை யாரோ பாவம் என்று நினைத்து உச்சுக்கொட்டிவிட்டுத்தான் அடுப்பை மூட்டினாளாம்.

“என் தலைக்கு மேலயாம்மா இருந்தாவ?” என்றாள்.

அந்த இட்லியை யாரும் தின்னவில்லை.

கதவு வந்துவிட்டது. போன மாசம் திறந்தார்கள். உள்பக்கம் நல்ல கனமான தாழ்ப்பாள். திறப்பு விழா போர்டில் ஒன்பது ஆம்பிளை முகம், கதவைக் கேட்டவள் முகம் இல்லை. அதையும் நான்தான் அடித்தேன், ஒன்பது மீசையையும் கறுப்பாக்கி. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

வருஷப் போர்டுக்கு உன்னை உன் நிறத்திலேயே போடப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். ஊர் பார்க்கிற படம், கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் என்ன என்றான். அவனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். நீ போன பிறகு உன் தட்டில்தான் சாப்பிடுகிறான். நான் வாதாடவில்லை, போன வருஷப் படத்தைத் திரையில் திறந்து வைத்து, இது யாருண்ணே என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தன் போனைத் துழாவி ஒரு படத்தை எடுத்து நீட்டினான். மணிமுத்தாறு அருவியில் நனைந்துபோய், தலை கலைந்து, பல் தெரியச் சிரிக்கிறாய். அவன் எடுத்ததாம்.

“இதுல அவ என்னயப் பாக்கா,” என்றான்.

அதைத்தான் போட்டேன். பழக்கத்தில் போன வலது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு இடது கையால் வேலையை முடித்தேன். எந்த மூலையிலும் வேறு யார் படமும் இல்லை, அண்ணன் படம்கூட. நீ மட்டும்.

காலையில் போர்டைக் கட்டும்போது பேச்சியக்கா மாவுப் பானையோடு வந்தாள். அவள் பானையைக் கீழே வைத்தாள், நிமிர்ந்தாள், முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டாள், நீ தெருவில் வந்தால் செய்வாளே அதேபோல.

“கவுன்சிலர் வந்துட்டாவ,” என்றாள். சொல்லிவிட்டு அடுப்பை நாலு அடி தள்ளிப் போட்டாள், உன் மேல் புகை படக்கூடாதென்று.

முதல் ஈட்டு இட்லியில் நாலை எடுத்து இலையில் வைத்து என் கையில் கொடுத்தாள். அங்கேயே, உனக்குக் கீழேயே நின்று, அழுதுகொண்டே தின்றேன்.

இனி எந்தப் பெண்ணின் படம் என் திரைக்கு வந்தாலும், அவளைக் கேட்காமல் அவள் நிறத்தில் கை வைக்கமாட்டேன். செத்தவளானால் தொடவே மாட்டேன். வேலை போனாலும் சரி.

உன் புளியோதரைத் தோழி,
ஊர் முன்னால் மட்டும் உன் நாத்தனார்.