ஸ்புர்காவின் தீனிப் பைக்குள் வைத்த கடிதம்

அன்பு மகள் தைவாவுக்கு, ரொக்கிஷ்கிஸிலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகம், என் முழங்காலும் பூரண சுகம், ஆனால் இந்த இரண்டாவது சேதியை உன் அப்பா காதில் போட்டுவிடாதே. நீயும் மாப்பிள்ளை யூஸ்ஸியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். கடிதம் தபாலில் வராமல் நாய்த் தீனிக்குள்ளிருந்து வருகிறதே என்று திகைக்காதே. அப்பா பயணப் பெட்டியை மூன்று தடவை பிரித்து அடுக்கிவிட்டார், இந்தப் பையை மட்டும் தொட மாட்டார், ஸ்புர்காவுக்கு அந்த உருண்டைத் தீனியே கூடாது என்பது அவர் கட்சி. தன் தட்டிலிருந்து புகை போட்ட பன்றிக்கறியை மேசைக்கடியில் நீட்டுவார், எனக்குத் தெரியாதாம்.

நடந்ததைச் சொல்கிறேன். தோட்டமுள்ள வீடு கிடைத்துவிட்டது, இனி ஸ்புர்காவை அனுப்பிவிடு என்று நீ போனில் சொன்னாயே, அன்று அவர் சாப்பிடவில்லை. நீ பின்லாந்துக்குக் கிளம்பிய நாளில் "போறவ நாயையும் கூட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்று கத்திவிட்டு வழியனுப்பக்கூட வராத மனுஷன், இரண்டு வருஷமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாத மனுஷன், அந்த நாயை மட்டும் மடியை விட்டு இறக்கியதில்லை. சரி, இதுதான் சமயம் என்று நானும் பேச்சோடு பேச்சாக, வேனில் நாய்களை ஏற்றிப் போகிற ஆள் ஒருத்தன் இருக்கானாம், கூண்டில் போட்டுக் கொடுத்துவிடலாமா என்றேன். "கூண்டா? அவ என்ன கோழியா?" என்று எகிறினார். அப்படியானால் நான்தான் போகவேண்டும், ஆனால் இந்தப் பாழாய்ப்போன முழங்கால் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகு முனகினேன். நாலு நாள் நொண்டினேன் தைவா. மூன்றாம் நாள் மறந்துபோய் வேறு காலை நொண்டிவிட்டேன், ஸ்புர்கா மட்டும் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. ஐந்தாம் நாள் காலையில் "நானே கொண்டுபோய் விடுறேன். ஆனா வாசலோட திரும்பிடுவேன், உள்ள போகமாட்டேன்" என்றார். ஆகட்டும் என்றேன்.

பிரயாணம் பழகட்டும் என்று போன வாரம் நொண்டிக்கொண்டே இரண்டு பேரையும் பஸ்ஸில் பனவெஜிஸுக்கு மிருக டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். வாய்க்கு மாட்டுகிற கூடைக்குள் கொஞ்சம் தயிர்க்கட்டி தடவி வைத்தேன், ஸ்புர்கா தானாகவே மூக்கை நுழைத்துக்கொண்டது, நீயும் அப்படியே செய். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன், ஜன்னல் பக்கம் சமத்தாக உட்கார்ந்து வந்தது. வாந்தி எடுத்தது உன் அப்பாதான். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், பின் சீட்டில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை போலிருக்கிறது. நாய்க்காக எடுத்துப் போன பை அவருக்கு உதவியது. அவரிடம் தொழில் பழகின டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ராபொலஸ் அண்ணே, நாய்க்கு டிக்கெட் வேண்டாம், உங்களுக்குத்தான் வாய்க்கூடை வேணும்" என்றான். பஸ்ஸே சிரித்தது. அப்பா இன்னும் அவனை மன்னிக்கவில்லை.

உங்கள் ஊருக்குள் நுழைய நாடாப்புழு மாத்திரை கொடுத்தாக வேண்டுமாம், போய்ச் சேருவதற்கு ஒரு நாளாவது முன்னால், ஐந்து நாளுக்கு மேல் போகக்கூடாது. நேற்று முன்தினம் மறுபடி போய் அதைக் கொடுத்து, நாயின் பாஸ்போர்ட்டில் நேரம் குறித்து முத்திரை வாங்கினோம். அங்கேதான் நான் டாக்டரம்மாவின் காதில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அந்த மகராசி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, மாத்திரை போட்ட நாய் புது ஊரில் ஒரு வாரம் பழகின ஆளோடுதான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏங்கிப்போகும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் இரண்டும் குலுங்கின. திரும்புகிற கப்பலுக்கு எட்டாம் நாள்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். வாசலோடு திரும்பட்டும் பார்க்கலாம்.

சிரித்தது போதும், ஒன்று சொல்கிறேன். நேற்று அவர் ஸ்புர்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார், நான் துண்டோடு கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பேச்சுக் குரல். "தைவா, அன்னிக்கு நான் வந்து…" என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்து, "இங்க பாரும்மா, அப்பனுக்கு வாய்தான்…" மறுபடியும் முடிக்கவில்லை. மூன்றாவது தடவை நாய் உடம்பை உதறியிருக்கும்போல, "நீயாவது முழுசாக் கேளேன்டி" என்றார். நான் துண்டைக் கொடுக்காமலே சமையலறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

உன் தம்பி காரில் தாலின் துறைமுகம் வரை கொண்டுபோய் விடுகிறான், இதோ வந்துவிடுவான். ஸ்புர்காவுக்கு வாரம் ஒரு தடவை காதைத் துடை, புல்லில் புரண்டு வந்தால் உண்ணி இருக்கிறதா என்று அக்குள் வரை தடவிப் பார். அது இல்லாமல் எனக்கும் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும், ஆனால் நாய் அங்கே இருந்தால் உன் அப்பா வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கப்பல் ஏறுவார். யூஸ்ஸியை அவருக்குக் கை கொடுக்கச் சொல், முதல் நாளே கட்டிப்பிடித்துவிட வேண்டாம்.

மாதா உங்கள் எல்லோரையும் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. காலையில் அவர் நாயை நடத்திக்கொண்டு கிளம்புவார், நீயும் கூடப் போ. பேச்சை நீ ஆரம்பிக்காதே. ஸ்புர்கா நின்று மோந்து பார்க்கிற இடத்திலெல்லாம் நீயும் நில். அவர் நாயைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். உன்னிடம்தான் பேசுகிறார் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
இரண்டு காலும் நன்றாக இருக்கிற
உன் அம்மா எல்விரா