மழை என்ற கட்டளை

இன்று காலை, பூதப்பாண்டி ஊரில் எங்கள் வீட்டுக்கு வாங்கிய புது மடிக்கணினியில் என் மென்பொருளை நிறுவினேன். மறுப்பில்லாமல் ஏறியது. ‘இந்தக் கட்டளைப் பெயர் வேறொரு நிரல் தொகுப்புக்குச் சொந்தம்’ என்ற பழைய வரி வரவில்லை. வருடக்கணக்காகக் காத்திருந்த காலை இது. நீ பார்த்து வயிறெரிந்திருக்க வேண்டும். அதற்குள் போய்விட்டாய்.

நாகர்கோவிலில் கல்லூரிக் கணினி அறையில் நீ எனக்குப் பக்கத்து நாற்காலி. அப்பா வயலில் வைத்த மழைமானியின் அளவைச் சொல்ல ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். ஆங்கில எழுத்தில் ‘மழை’ என்று அடித்தால் போதும். எட்டிப் பார்த்து, "பேரு கொள்ளாம் ஏட்டி" என்று மெச்சினாய். நான் பிழை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், நாம் இருவரும் பயன்படுத்திய இலவச இயங்குதளத்துக்கு அதே பெயரில் ஒரு விளையாட்டை அனுப்பிவிட்டாய். திரையில் புள்ளிகள் மேலிருந்து கீழே விழும். அவ்வளவுதான் உன் மழை.

என்னுடையது போய்ச் சேர்ந்தபோது, பெயர் ஏற்கெனவே உன்னுடையதென்று வாசலிலேயே நின்றது. கேன்டீனில் உன்னைப் பிடித்தேன்.

"எனக்க பேர எதுக்குலே எடுத்த?"

"உனக்க பேரா? மொதல்ல போட்டது யாரு?" ஏத்தம்பழ பஜ்ஜியைத் தின்றுகொண்டே கேட்டாய்.

அந்த இயங்குதளத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு நிரல்கள் ஒரே கட்டளைப் பெயரில் இருக்க முடியாது. பராமரிப்பவர்கள் இருவரும் எல்லோரும் பார்க்கப் பேசி, ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இருவரும் மசியாவிட்டால் இருவருமே பெயரை இழக்க வேண்டும். உனக்கு அது தெரியும். "ரெண்டு பேருக்கும் இல்லன்னா போட்டும், எனக்கு வெளையாட்டுதானே" என்றாய். நான்தான் பணிந்தேன். என் நிரல் ‘மழை-அளவு’ ஆனது.

பெயர் மாறியது தெரியாமல் அப்பா, உன் விளையாட்டும் ஏறியிருந்த வீட்டுக் கணினியில் பழையதையே அடித்துவிட்டு, வயலுக்குப் போய் போன் செய்தார். "மக்கா, கம்ப்யூட்டர்ல அடமழ பெய்யுது. இங்க ஒரு சொட்டு இல்ல." அன்று உனக்கு விட்ட சாபத்தை இங்கே எழுத முடியாது.

போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தேன். ஆலயத்தில் எல்லோரும் உன் தாராள மனதைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு உன் விளையாட்டைப் பராமரிக்க ஆளில்லை என்று அறிவிப்பு வந்தது. நானே ஏற்றுக்கொண்டேன். பாசமெல்லாம் இல்லை, பழிதான். என் பக்கத்திலிருந்து பெயரைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். வழக்கப்படி உன் பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும். அந்தப் பக்கத்திலும் இப்போது நான்தான். ‘சம்மதம்’ என்று அடித்தேன். உன் வாயால் கேட்கத்தான் இத்தனை வருடம் கறுவிக்கொண்டிருந்தேன். நானே கேட்டு, நானே கொடுத்து, சப்பென்று போய்விட்டது.

ஆனாலும் விடவில்லை. உன்னுடையதற்கு ‘மழை-விளையாட்டு’ என்று பெயர் வைத்தேன். இனி நீளப் பெயரோடு நீ கிட.

இன்று எல்லாம் முடிந்து அளவு பார்க்க உட்கார்ந்தேன். பெயர் என்னுடையது. விரல் மட்டும் பழக்கத்தில் ‘மழை-அளவு’ என்றே அடித்தது. அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது திரை. உன்னைத் திட்டிக்கொண்டே அழித்துவிட்டு ‘மழை’ என்று மறுபடி அடித்தேன்.